அணைக்காத கற்பூரம்

வெள்ளைக்காரர் காலத்துக் கடைசித் தேர்தல் முடிந்து ஒரு வருடம் இருக்கும். ஒகேனக்கல் பரிசல் பனிக்குள் மெல்லச் சுழன்றது. கரை மறைந்து மறுபடி வந்தது. எனக்கு எதிரே இருந்த பெண் பரிசல்காரரிடம் சொன்னாள்:

“கற்பூரத்த ஏத்துனாரு, அணைக்கலீங்க.”

“யாரு ஆத்தா?”

“ஓட்டுக் கேக்க வந்தவருதான். புதுக் கெணறு வெட்டித் தர்றேன்னாரு. கையால அணைச்சாத்தானுங்களே சத்தியம்? அது தானா எரிஞ்சு அடங்கற வரைக்கும் பேசிட்டே இருந்தாரு. பழைய கெணத்துத் தண்ணியக் குடிச்சு எம் மவனுக்குக் கால்ல நரம்புச் சிலந்தி, நூலாட்டம் புழு வெளிய வருதுங்க. அக்கரைக்கு மருந்துக்குத்தான் போறனுங்க.”

“கை சுடாம பாத்துக்கறவங்களுக்குத்தான் ஆத்தா நாற்காலி.”

அவள் சிரித்தாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். ‘அணைக்காதீர்கள், பேச்சை நீட்டுங்கள்’ என்று அன்று ஓட்டுக் கேட்கப் போனவர் காதில் சொன்னவன் நான்.