மூன்றாவது பிணம்

— பிணம் வேஷம் மட்டும் வேண்டாம் ப்ரூயிட் சார். வேற எதுவா இருந்தாலும் குடுங்க.

— உக்காருங்க மிசஸ் ஸ்ட்ரிக்லர். ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுல ரத்தம் இன்னும் காயல. சோளப்பாகும் சிவப்புச் சாயமும்தான், ஆனா துணியில பட்டா போகாது.

— நான் நின்னுக்கறேன். லாரிக்காரங்க ஓட்டல்ல ராத்திரி பூரா நின்னு காப்பி ஊத்திட்டு வரேன், இன்னும் அஞ்சு நிமிஷம் நின்னா கால் ஒண்ணும் ஒடிஞ்சிடாது. எம் பொண்ணு டெஸ்ஸாவப் பத்திப் பேசத்தான் வந்தேன்.

— அதாவதும்மா, நாளைக்குக் காலைல துப்பாக்கிச்சூடு ஒத்திகை. எவனாவது துப்பாக்கியோட பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சா யார் என்ன செய்யணும்னு பழகறோம். ஷெரீப்போட போலீஸ் ஆளுங்க வராங்க, ஆம்புலன்ஸ் வருது, ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க. அடிபட்டவங்களா நடிக்க எங்க நாடகக் குழுப் பசங்க. யார் எங்க விழணும்னு தரையில டேப் ஒட்டியாச்சு. டெஸ்ஸா மூணாவது பிணம், கேன்டீன் வாசல். நல்ல இடம்மா அது. உள்ள வர்றவங்க கண்ணுல முதல்ல படும்.

— இடத்தப் பத்தி நான் கேக்கல.

— புரியுது. எல்லாப் பெத்தவங்களும் இப்படித்தான் வராங்க. போன வருஷம் ஒரு அப்பா, பையனுக்குக் கால்ல குண்டு பட்டா பத்தாது, வயித்துல படணும்னு சண்டை போட்டாரு. வயித்துல பட்டாத்தான் கத்தலாமாம்.

— நீங்க என்ன செஞ்சீங்க?

— வயித்துலயே குடுத்தேன். அவன் கத்தின கத்துல ஆம்புலன்ஸ்காரர் ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு. அவரைத் தூக்க இன்னொரு ஆம்புலன்ஸ்.

— எம் பொண்ணு கத்தவும் வேணாம், என்னமும் வேணாம். கதவத் திறந்துட்டு வெளில ஓடறாங்களே பசங்க, அதுல ஒருத்தியாச் சேத்துக்கோங்க.

— ஓடறவங்க பன்னிரண்டு பேர். இடம் நெறஞ்சிடுச்சு.

— பதிமூணு பேர் ஓடினா கதவு ஒடிஞ்சிடுமா சார்?

— கதவு ஒடியாது. ஹாஸ்கெல் ஒடிஞ்சிடுவாரு. துணை ஷெரீப். சுடறவன் வேஷம் வருஷா வருஷம் அவருதான், வேற யாருக்கும் விட்டுத்தர மாட்டாரு. இத்தன சாவு, இத்தன காயம்னு ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிட்டாரு. ஒரு பிணம் கொறஞ்சா எங்கன்னு தேடுவாங்க.

— பொழச்சிக்கிச்சுன்னு சொல்லுங்க.

— அப்படி ஒரு ஏற்பாடு எங்ககிட்ட இல்லையேம்மா.

— அப்ப வேற பிள்ளையப் படுக்க வைங்க.

— யார? பிணம்னா எல்லாம் தெறிச்சு ஓடுதுங்க. அசையக்கூடாது, சிரிக்கக்கூடாது, போன் பாக்கக்கூடாது. காயம்பட்டவங்களத்தான் முதல்ல தூக்குவாங்க. பிணத்துக்கிட்ட வர்றதுக்குள்ள, ஒத்திகை முடிஞ்சதும் பசங்களுக்குக் குடுக்கற பீட்சா ஆறிப்போயிடும். உங்க பொண்ணு ஒருத்திதான் தானா கை தூக்கி, "நான் படுத்துக்கறேன் சார்"னா. இந்த ஊருக்கு வந்து நாலு மாசத்துல அவ வாயத் திறந்து நான் கேட்ட முதல் பேச்சே அதுதான்.

— நேத்து சாப்பிடும்போது எங்கிட்டயும் சொன்னா. உப்ப இந்தப் பக்கம் தள்ளுன்னு சொல்ற மாதிரி. "அம்மா, நான் செத்தவளா நடிக்கறேன்." கரண்டியக் கீழ வெச்சுட்டேன் நான்.

— பயமா இருந்தா நாளைக்கு வீட்டுலயே வெச்சுக்கோங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

— அதையும் சொல்லிப் பாத்தேன். கார்ல கூட்டிட்டுப் போகலன்னா நடந்தே போவேங்கறா. அவ அப்பனோட பிடிவாதம், என்னத்தச் சொல்ல. வரட்டும். ஆனா வந்தா ஓடட்டும்.

— மனசுவிட்டுச் சொல்றேன்மா. எத்தனையோ வருஷமா நாடகம் சொல்லித் தரேன். இந்த இந்தியானா மாநிலத்துல மரம் வேஷம் குடுத்தாக்கூட பக்கத்து மரத்தோட பேசிக்கிட்டு நிக்குங்க பிள்ளைங்க. நேத்து ஒரு தடவ பழகிப் பாத்தப்ப டெஸ்ஸா படுத்தா பாருங்க! ஹாஸ்கெல் வெத்துத் தோட்டாவப் போட்டு வெடிச்சாரு. மத்த பிணமெல்லாம் எந்திரிச்சே உக்காந்துடுச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. இவ இமைகூட ஆடல. வாய் லேசாத் திறந்து, ஒரு கை உடம்புக்கு அடியில மடங்கி. அதெல்லாம் நான் சொல்லித் தரவே இல்ல. ஹாஸ்கெலே பயந்துபோய்க் குனிஞ்சு மூக்குகிட்ட கை வெச்சுப் பாத்தாரு.

— அப்புறம்?

— அப்புறம் எல்லாரும் கை தட்டினோம்.

— கை தட்டினீங்களா?

— பாராட்டத்தான்மா.

— அவ எந்திரிச்சாளா?

— உடனே இல்ல. எல்லாரும் போனதுக்கப்புறம் நான்தான் போய், போதும் டெஸ்ஸா, முடிஞ்சிடுச்சுன்னு தோளத் தட்டினேன். பாத்திரத்துல அவ்வளவு ஊறிட்டா.

— ஆண்டவரே. கேன்டீன்லேர்ந்து கதவு எவ்வளவு தூரம் சார்?

— எதிர்லயே இருக்கு. தாண்டினா புல்வெளி.

— நான் அந்தப் புல்லுல நிக்கறேன். அவ ஓடி வந்தா பிடிச்சுக்கறேன்.

— பெத்தவங்க இந்தப் பக்கம் வரக்கூடாதும்மா. ரோட்டுக்கு எதிர்ல, சர்ச் வாசல்ல காத்திருக்கணும். நிஜமா நடந்தாலும் அங்கதான் நிப்பாட்டுவாங்க. அதையும் பழகிக்கணும்ல.

— அத எனக்கு யாரும் பழக்க வேணாம்.

— கோவப்படாதீங்க.

— கோவம் இல்ல சார். கெஞ்சறேன். எனக்குக் கெஞ்ச வராது, அதான் கோவம் மாதிரி கேக்குது.

— சரிம்மா, சரி. பதிமூணாவது ஆளா ஓடட்டும். மூணாவது பிணமா நானே படுத்துக்கறேன், என்னச் சுட ஹாஸ்கெலுக்கும் ரொம்ப நாளா ஆசை. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவ்வளவு தத்ரூபமா செத்துக் கிடக்கற பொண்ண எதுக்கு ஓட விட்டே ஆகணும்ங்கறீங்க?

— நாங்க முன்னாடி இருந்த ஊர்ல, அவ பள்ளிக்கூடத்துல ஒருத்தன் நிஜமாவே சுட்டான் சார். செத்த பிள்ளைங்க நடுவுல இவளும் செத்த மாதிரி கிடந்துதான் பொழச்சா. நாளைக்காவது எந்திரிச்சு எங்கிட்ட ஓடி வரட்டும்.