நகத்தளவு முகம்

எங்கள் வீட்டுக் கணினிக்குப் பதினொரு வயது. மகன் ஆல்பின் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. சுவிட்சைப் போட்டுவிட்டு ஐந்தாறு முறை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி முடித்தால்தான் திரை வெளிச்சமாகும். இடம் நிறைந்துவிட்டது என்று சில மாதங்களாகவே சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே சிலவற்றை அழித்தேன்.

என் பெயர் சவரிராஜ். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பத்தொன்பது வருடமாக போர்மேன். காலையில் வேலை தொடங்குமுன், ஒவ்வொரு அறை வாசலிலும் அந்த அறை ஆட்களை வரிசையாக நிற்கவைத்து என் போனில் ஒரு படம் எடுப்பேன். ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? நிர்வாகம் கேட்டதில்லை. ஆட்கள்மேல் எனக்கிருந்த அக்கறை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவேன்.

தீபாவளி சீசனில் ஒரு புதன்கிழமை பதினேழாம் அறை வெடித்தது. மருந்து அடைக்கும் அறை. நான்கு பேருக்குத்தான் அனுமதி. ஐந்து பேர் இறந்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் தாயில்பட்டிப் பொன்னுத்தங்கம், வெளியே மரத்தடியில் லேபிள் ஒட்டுகிறவள். விசாரிக்க வந்தவர்களிடம், அவள் யாரையும் கேட்காமல் உள்ளே போனாள், வேலை தெரியாமல் எதையோ உரசியிருக்க வேண்டும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

அவளுக்காக ஒரு பூசை வைத்தேன். அவள் எங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆண்டவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் கொண்டுபோய் இறக்கினேன்.

அடுத்த திங்கள்தான் கணினியில் இடம் காலி செய்தேன். பத்து வருடப் படங்களும் போயின. ஒரு நாளுடையதை மட்டும் அழித்தால் அது வேறு மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மகள் பாண்டிமீனா வந்தாள். சிவகாசியில் அச்சகம் ஒன்றில் கணினியில் அட்டை வடிவமைக்கிற பிள்ளை. அம்மா என்னை அண்ணன் என்றதால் இவளுக்கு நான் மாமா.

"மாமா, எங்கம்மா நாலு பேரக் கொன்னுட்டான்னு ஊருக்குள்ள பேசுறாக. தெருக்குழாய்ல தண்ணி பிடிக்கப் போனா விலகி நிக்கிறாக. அம்மா அப்படிக் கேக்காம போற ஆளு இல்ல மாமா. நீங்க வாசல்ல நிக்க வச்சுப் படம் எடுப்பீகள்ல, அன்னைக்கு எடுத்தத ஒருக்கா காட்டுங்க."

"இடமில்லன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன் தாயி."

கணினியைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். "இதுக்கு நீங்க எப்பவோ பென்ஷன் குடுத்து அனுப்பியிருக்கணும்." பிறகு முந்தானையால் திரைத் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "படம் போனாலும், அதோட சின்ன உருவம் ஒன்ன கம்ப்யூட்டர் தனியா ஒளிச்சு வச்சிருக்கும் மாமா. நகம் அம்புட்டுத்தான் இருக்கும். ஆனா மூஞ்சி தெரியும். அத எடுக்குற சாப்ட்வேர நாளைக்கு ஆபீஸ்லருந்து கொண்டாரேன். அதுவரைக்கும் எதையும் தொட்டுறாதீக."

அவள் போனபின் கணினி முன்னால் உட்கார்ந்தேன். படங்கள் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குப் பின்னால் பொன்னுத்தங்கம் நிற்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரியும். வரிசையில் ஐந்தாவதாக, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி. கணினிக்குள் காற்றாடி சுற்றுகிற சத்தம் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. மனைவி ஞானதீபம் சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன்.

வெடித்த அன்று காலை பொன்னுத்தங்கம் சொன்னதையும் இங்கே மறைக்கவில்லை.

"அங்கன வேல எனக்குத் தெரியாதுண்ணே. கையி நடுங்கும்."

"ஆர்டர் நிக்குது. நான் இருக்கேன்ல, போ."

"நீங்க வெளிய இருப்பீக. நான்ல உள்ள இருக்கணும்." சிரித்தபடி வரிசையில் போய் நின்றாள். படம் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வெடித்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஆலையை மூடியிருப்பார்கள். நூற்றிருபது குடும்பம். இறந்தவளுக்குப் பழி வலிக்காது. உயிரோடு இருப்பவர்களுக்குப் பசி வலிக்கும். இதை ஜெபத்தில் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

தேவையற்றவற்றைக் கணினியே பட்டியலிட்டுக் காட்டும். அந்தப் பட்டியலில் சிறு உருவங்களுக்கென்று ஒரு கட்டம் உண்டு. எதிரே போட்டிருந்த அளவு மிகச் சொற்பம். அதை அழித்து எந்த இடமும் மிஞ்சப்போவதில்லை. கட்டத்தில் குறியிட்டேன். நிரந்தரமாக அழிக்கவா, நிச்சயம்தானா என்று கேட்டது. இந்த விஷயத்தில் என்னை அப்படிக் கேட்டது அந்தக் கணினி மட்டும்தான். ஆம் என்றேன்.

மறுநாள் பாண்டிமீனா வெகுநேரம் தேடினாள். "ஒண்ணுமே இல்ல மாமா" என்று எழுந்தாள். "விடுங்க. இப்படித் தேவப்படும்னு உங்களுக்குத் தெரியவா செய்யும்." பையிலிருந்து புதுப் பென்டிரைவ் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "இனிமே இடம் இல்லன்னு எதையும் அழிக்காதீக மாமா. இதுல போட்டு வைங்க."

மறுத்தால் பிள்ளை மனம் நோகும். வாங்கிக்கொண்டேன்.

இதை அதில்தான் எழுதி வைத்திருக்கிறேன். நிறைய இடம் இருக்கிறது. மேசை இழுப்பறையில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உண்மை வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.