கூட யாரும் இல்லை

தலையில் ஒட்டிய ஜெல்லைக் கழுவ வெந்நீர்தான் நல்லது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது முடியோடு முடியாகக் காய்ந்து, சீப்பு போடும்போது பொலபொலவென்று உதிரும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் தொப்பியை மாட்டும்போது, ஒவ்வொரு முனைக்கும் அடியில் அந்த ஜெல்லை வைக்க வேண்டும். எங்கள் கோடைக்காலப் படிப்புக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டே திரிவார்கள். அதற்காகவே ஆய்வகத்தில் ஷாம்பு வாங்கி வைத்திருப்பேன். சிலருக்கு நானே கழுவியும் விடுவேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை நன்றாகக் கவனித்துக்கொள்பவள் என்றுதான் எனக்குப் பெயர்.

ஆறு வாரப் படிப்பு அது. காலையில் மூளை பற்றிய வகுப்பு, மதியம் ஆய்வகம். ஞாபகம் என்ற பகுதியைப் பதினேழு வருடமாக நான் நடத்துகிறேன். முதல் நாள் ஒவ்வொருவரும் ஏழு வயதுக்குள் நடந்த ஐந்து விஷயங்களைச் சொல்ல வேண்டும். அதைக் குரல்பதிவு செய்துகொள்வோம். கூடவே ஒரு படிவம்: எங்கே நடந்தது, எத்தனை வயது, கூட யார் இருந்தார்கள். பழைய ஞாபகத்தை எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது சில மணி நேரம் ஈர சிமெண்ட் மாதிரி இளகிக் கிடக்கிறது என்பதுதான் பாடம். அந்த நேரத்தில் எதையாவது கலந்துவிட்டால் அதுவும் சேர்ந்தே இறுகிவிடும். அதைக் காட்டத்தான் மூன்றாவது வாரம் சின்னப் பொய் ஒன்றைக் கலப்போம். சிவப்புப் பந்தை நீலமாக்குவோம், அவ்வளவுதான். கடைசி நாள் முதல் நாள் குரலைப் போட்டுக் காட்டுவோம். அதற்கு 'அவிழ்க்கும் நாள்' என்று பெயர். தங்கள் குரலையே நம்பாமல் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்தப் பெண்ணைக் கடைக்குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இருபது பேரில் வயதில் சிறியவள், பத்தொன்பது. வாய் ஓயாத பெண். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவாள். அவளுக்கு ஆறு வயதில் அம்மா இறந்துவிட்டாள். அவள் சொன்ன ஐந்து ஞாபகங்களும் அம்மாவைப் பற்றியவை. கூட யார் இருந்தார்கள் என்ற கட்டத்தில் ஐந்து தடவையும் ஒரே பதிலை எழுதியிருந்தாள்: கூட யாரும் இல்லை.

"அவ்வளவுதான் மேடம் என்கிட்ட இருக்கு" என்றாள். "அப்பா எப்பவும் வேலைக்குப் போயிடுவார். நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்டுல. இந்த அஞ்சையும் தினமும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்குவேன். ஒண்ணு குறைஞ்சாலும் திக்குன்னு இருக்கும்."

என் மகள் இறந்து அப்போது ஒன்றரை வருடம். காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் இல்லை. அவளுக்கும் பத்தொன்பதுதான். அவளும் நானும் மட்டுமே இருந்த வீடு எங்களுடையது. அவளுக்கு நான் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, மழையில் இருவரும் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றது, இதெல்லாம் இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயங்களாக இருந்தன. ஒன்பதே நாளில் அவை எனக்கு மட்டும் தெரிந்தவை ஆகிவிட்டன. பிள்ளை போன துக்கத்தை நான் எப்படியோ தாங்கிக்கொண்டேன். நான் ஒரு அம்மாவாக இருந்தேன் என்பதற்குச் சாட்சியாக உலகத்தில் ஒருவரும் இல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே கடைக்குட்டியின் கோப்பை மற்ற ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் என்னிடமே வைத்துக்கொண்டேன். வேறு பிள்ளைகளின் ஞாபகங்களில் மாமா இருப்பார், அண்ணன் இருப்பான். யாராவது ஒருவர் "அப்படி நடக்கலையே" என்று சொல்லிவிடுவார். இவளுடைய ஐந்துக்கும் சாட்சி கிடையாது. அந்தப் படிவத்தைப் பார்த்ததுமே எனக்கு அது உறைத்தது. யோசித்துத்தான் செய்தேன். ஏதோ கைதவறி நடந்தது என்று நீங்கள் எழுத வேண்டாம்.

அவளுடைய முதல் ஞாபகம் மாடிப்படி. கடைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் படி திரும்பும் இடத்தில் அம்மா உட்கார்ந்துகொள்வாளாம். இவளை மடியில் வைத்து ஒரு கதை சொல்வாளாம். கதை முடிந்த பிறகுதான் மீதிப் படி. கொஞ்சுவதற்காக உட்கார்ந்தாள் என்று அவளும் நினைத்திருந்தாள், நானும் நினைத்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அவளை ஞாபகத்தில் அந்தப் படிக்குக் கூட்டிப் போனேன். தலையைக் கழுவி, துண்டால் துவட்டி, கண்ணை மூடச் சொல்லி, மெதுவாகக் கேட்பேன்: "படிதானா? நல்லா பாரும்மா. வெளிச்சமா இருக்கே, தெருவா இருக்குமோ?" அப்போது என் மகளின் சைக்கிள் மணியை ஒரு தடவை அடிப்பேன். நான்காவது வாரம் படி போய்விட்டது.

ஐந்தாவது வாரம் அவளாகவே சொன்னாள்: "அம்மா பின்னாடியே ஓடி வந்தாங்க மேடம். பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே கையை விட்டுட்டாங்க. நான் திரும்பிப் பார்க்கிறேன், ரொம்ப தூரத்துல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு சிரிக்கிறாங்க."

அப்படிச் சிரித்தது நான். அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒன்றரை வருடம் கழித்து என்னை ஒருத்தி ஞாபகம் வைத்திருந்தாள். மற்ற நான்கையும் அதன் பிறகு சீக்கிரமே மாற்றி முடித்துவிட்டேன். கை பழகிவிட்டது.

அவிழ்க்கும் நாளில் அவள் முறை வந்தபோது, "உன் பதிவு கெட்டுப்போச்சும்மா" என்றேன். அவள் வருத்தப்படவில்லை. "பரவால்ல மேடம், எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே" என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது கட்டிக்கொண்டு, "உங்ககிட்ட வரும்போது எங்க அம்மா ஞாபகமாவே இருக்கு" என்றாள். அதை நான் சொல்லச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய அப்பா வந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். விமானம் ஏறியது அதுதான் முதல் தடவையாம். என் அறையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய பெண்கள் செருப்பு. இடது குதிகால் மட்டும் நான்கு விரற்கடை உயரம்.

"இது அவ அம்மாவோடது. பொறந்ததிலிருந்தே ஒரு கால் குட்டை. அவளால ஓடவே முடியாதுங்க. பத்துப் படி ஏறினா உக்காந்துடுவா. ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் நான் சரி பண்ணினேன், எங்க கட்டடத்துல லிஃப்டே கிடையாது" என்றார். செருப்புகளை நேராகச் சேர்த்து வைத்தார். "என் பொண்ணு வந்து, அம்மா சைக்கிள் பின்னாடி ஓடினாங்கன்னு சொல்றா. நான் இல்லைன்னேன். நீங்கதான் அம்மாவை மறந்துட்டீங்கன்னு சொல்லிட்டு வீட்டை விட்டுப் போயிட்டா. ஒரு மாசமா என்கிட்ட பேசலை. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க."

குட்டைக் காலைப் பற்றி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் கால் ஒரு விஷயமே இல்லை, அம்மா அப்படித்தான் நடப்பாள். அம்மா எப்படி நடப்பாள் என்பதுதான் பதினேழு வருட அனுபவத்தில் நான் கேட்க மறந்த ஒரே கேள்வி. அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் செருப்பைத் தாளில் சுற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் உங்களிடம் புகார் கொடுத்தார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

அடுத்த மாதம் கடைக்குட்டியே வந்தாள். அப்பா அந்தச் செருப்பை அவளிடமும் காட்டியிருந்தார். இளைத்திருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், பதிலுக்காகக் காத்தும் இருந்தாள். "எது எங்க அம்மா, எது நீங்க? பிரிச்சுச் சொல்லிடுங்க. எனக்கு அந்த அஞ்சைத் தவிர வேற எதுவும் இல்லை, உங்களுக்கே தெரியும்." நான் அவள் தலையைத் தடவி, "எனக்கும் ஞாபகம் இல்லையேம்மா" என்றேன். என் கையைத் தட்டிவிட்டாள். வாசல் வரை போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

அடிமடியிலேயே கை வைத்துவிட்டேன் என்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்த அம்மாவுக்குப் பதில், ஓடி வரும் அம்மாவைக் கொடுத்தேன். எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? ஆனாலும் நீங்கள் உண்மையைக் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். அவளுடைய குரல்பதிவு தானாகக் கெடவில்லை. அவிழ்க்கும் நாளுக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான்தான் அழித்தேன். அழிப்பதற்கு முன் மூன்று தடவை கேட்டேன். அவள் சொன்ன ஐந்தும் ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரியும். எங்கே இடையில் சிரித்தாள் என்பது வரைக்கும் தெரியும். மறந்துவிடக் கூடாதே என்று தினமும் எடுத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அவற்றை எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். கொடுத்தால் எனக்குத் தண்டனை குறையும் என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், எழுதித் தருவதாக இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் எதற்கு என்னைத் தேடி வரப் போகிறாள்? நீங்கள் என்னை எங்கே வைத்தாலும் அங்கே பார்வையாளர் நேரம் என்று ஒன்று இருக்கும். அவள் வரட்டும். ஒரு தடவைக்கு ஒன்று சொல்லி அனுப்புகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை வந்தால்கூடப் போதும். பெற்றவள் அதற்குமேல் எதை எதிர்பார்க்கப் போகிறாள்?