மேஜரின் கோப்பை

வெள்ளை நாயைக் குளிப்பாட்டுவதில் உள்ள சிரமம் உங்களுக்குத் தெரிந்திருக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. துடைத்துவிட்டு நாம் திரும்புவதற்குள் அது நேராகப் போய்ச் செம்மண்ணில் புரளும். ரங்கூன் மண் முடிக்குள் ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது. அதனால் சீமைச் சுண்ணாம்பை மாவாக இடித்துத் துணியில் சலித்து வைத்திருப்பேன். ஈரம் காய்ந்ததும் தூவித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். போட்டிக்கு வருகிற வெள்ளை நாய்களுக்கெல்லாம் இதைச் செய்கிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

என் பெயர் அப்பாசாமி. மரக் கம்பெனித் துரை வீட்டில் நாய் பார்க்கிற வேலை. அதே வீட்டில் டிரைவராக இருந்த சின்னத்தம்பி, என் தங்கை பவுனம்மாளின் புருஷன். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவனே நான்தான். கார் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் அவர்கள், ஒன்றில் நான். மூன்று வேளையும் தங்கை கையால் சாப்பாடு. எனக்கும் அவனுக்கும் பகை இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். அவன் என்னைவிட நல்ல மனிதன். இதை நான் யாரிடமும் சொல்வேன்.

மேஜர் என்பது நாயின் பெயர். புல் டெரியர் ஜாதி, சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அதன் அப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயரெல்லாம் துரைக்கு மனப்பாடம். விருந்துக்கு வருகிறவர்களிடம் வரிசையாகச் சொல்லுவார். என் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "பாய்" என்றுதான் கூப்பிடுவார், இங்கிலீஷில் பையன் என்று அர்த்தம். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இந்த வருஷம் பெகுவில் நடக்கும் நாய்க் கண்காட்சியில் மேஜர் முதல் கோப்பை வாங்கினால், நாயோடு என்னையும் நிறுத்திப் படம் பிடித்துப் பேப்பரில் போடச் சொல்கிறேன் என்று துரை சொன்னார். நான் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை, அவராகச் சொன்னது. சொன்ன பிறகு எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை எனக்கே புதிதாக இருந்தது.

கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஏரிக்கரையில் மேஜரைத் தெருநாய் ஒன்று கடித்தது. அது குரைக்கவில்லை. வாயில் எச்சில் ஒழுக, யாரையும் பார்க்காமல் வெயிலில் நேராக நடந்து வந்து, மேஜரின் பின்தொடையைக் கவ்விவிட்டு அப்படியே நடந்து போயிற்று. அன்று சாயங்காலமே முனிசிபாலிட்டி ஆட்கள் அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள். முனிசிபாலிட்டி தெருநாய்களை அடிப்பது வழக்கம்தானே. காயம் சின்னது. சாராயம் விட்டுக் கழுவினேன். துரையிடம் சொன்னால் நாயைத் தனியே கட்டிப் போட்டு, மிருக டாக்டரை வரவழைத்து, கண்காட்சியே வேண்டாம் என்றிருப்பார். ஆகவே சொல்லவில்லை. காயத்தின் மேல் சுண்ணாம்பு மாவு நன்றாக உட்கார்ந்தது.

பெகு போவதற்கென்று துரை ஒரு வண்டி செய்து வைத்திருந்தார். யுத்தத்தில் ஓடிய லாரியை ஏலத்தில் எடுத்து, அதன் மேல் ஒரு சின்ன வீட்டையே கட்டியிருந்தார். மடக்குக் கட்டில் இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குத் துரைசாணி கையால் தைத்த திரை. நாங்கள் அதை வீட்டு லாரி என்போம். சின்னத்தம்பிக்கு அதன் மேல் தலைகால் புரியாத பெருமை. வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். இன்சீனில் ரயில்வே பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான்.

மிங்கலாடோன் தாண்டியதும் புழுதி. பின்னால் மேஜரும் நானும் இருந்தோம். அது ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு கட்டில் காலைக் கடித்துக்கொண்டே வந்தது. அதன் குரல் கம்மியிருந்தது. குரைக்க ஆரம்பித்தால் ஊளையில் போய் முடிந்தது. புழுதியில் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். துரையும் துரைசாணியும் வண்டிக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்தார்கள். நாய் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையே என்று சின்னத்தம்பிதான் பரிதாபப்பட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய் வைத்தான். மேஜர் சத்தமே இல்லாமல் அவன் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. நான் தாடைக்குள் விரலை விட்டுப் பிரித்தேன். அவனுக்கு ரத்தம் சொட்டியது. எனக்குக் கட்டைவிரலில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நாயைப் பார்த்தபடி நின்றான். "மச்சான், இன்சீன் தாண்டுனதுலேருந்தே இதுக்குக் கொரலு சரியில்லே. ரங்கூன்ல நாய்க்கடிக்கு ஊசி போடுறாங்களாமே. திரும்பினதும் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டுமா?"

"அட, போ மாப்ளே," என்றேன். "நமக்கு நம்ம முப்பாட்டன் பேரே தெரியாது. இதுக்கு ஏழு தலைமுறைக்கும் பேரு தெரியும். வெறி பிடிக்கிறதெல்லாம் தெருநாய்க்குத்தான். ஜாதி நாய்க்குப் பிடிக்காது."

அவன் சிரித்துவிட்டான். நம்பியும் விட்டான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. துரைமார் வீடுகளில் வேலை செய்கிற எங்கள் ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து நானே கட்டுப்போட்டேன். கடிக்கிற நாயைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள், அதனால் துரை கேட்டால் இஞ்சினைச் சுற்றுகிற கைப்பிடி அடித்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். "சரி மச்சான், ஒங்க படத்துக்காக," என்றான். துரை கேட்டார். அவன் அப்படியே சொன்னான். துரை அயோடின் புட்டியைக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் மேஜரின் வாயைத் திறந்து, உள்நாக்கு வரை ஒரு சிட்டிகை அபினை உள்ளே தள்ளினேன். பயணத்தில் மிரண்ட நாயைச் சாந்தப்படுத்த அப்படிச் செய்வதுண்டு. பெகு கிளப் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த நடுவர் மேஜரின் உதட்டை விரலால் விலக்கிப் பற்களைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு நிதானமான புல் டெரியரைப் பார்த்ததில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கோப்பை கிடைத்ததும் வெள்ளைக்கார அம்மாள்கள் வந்து தடவிக்கொடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் உள்ளங்கையில் பிஸ்கோத்துத் தூளை வைத்து நீட்டினாள், மேஜர் நக்கியது. நடுவர் மறுநாளே ரயிலேறிக் கல்கத்தா கப்பலைப் பிடிக்கப் போய்விட்டார். அவரைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. அந்தக் குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்றும் நான் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

படம் எடுத்தார்கள். துரை சொன்ன சொல் தவறவில்லை, என்னையும் நிறுத்தினார். பேப்பரில் வந்தபோது துரை, துரைசாணி, கோப்பை, மேஜர், ஓரத்தில் வாரைப் பிடித்த என் கை. மணிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. எனக்கு அது போதும். சின்னத்தம்பி அதைக் கத்தரித்து லாரியில் தன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான். பெட்ரோல் போட வருகிறவர்களிடம்கூட, "இது எங்க மச்சான் கை," என்று காட்டுவான்.

திரும்பி வந்த சில நாளில் மேஜருக்குப் பின்னங்கால் இழுத்துக்கொண்டது, தாடை தொங்கிப்போயிற்று. ஒரு மத்தியானம் செத்தது. துரை ஆபீஸிலிருந்து வருவதற்குள் மாமரத்தடியில் புதைத்துவிட்டு, பாம்பு கடித்துவிட்டது என்று சொன்னேன். செத்த நாயின் தலையை வெட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வெறியா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்களாம். கோப்பை வாங்கிய நாயின் தலையை வெட்டுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. துரை குழந்தை மாதிரி அழுதார். நான் அழவில்லை. எனக்குள் எதுவும் அசையவில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் தினமும் காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். வழக்கமாகக் கோயில் குளம் என்று போகிறவன் இல்லை நான். "என்ன மச்சான், நாய்க்குக் கருமாதியா?" என்று சின்னத்தம்பி கேலி செய்தான். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் எனக்கு வயிற்று வலி, நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஏதோ சூடு என்று பவுனு தினமும் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். சின்னத்தம்பி என் பங்குத் தண்ணீரையும் அவனே சுமந்து கொண்டுவந்து வைத்தான். கடிபட்ட கையால்தான். காயம் நன்றாக ஆறியிருந்தது.

ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். ஆறின தழும்பு அரிக்கிறது என்றான். மறுநாள் டீ இறங்கவில்லை என்றான். அதற்கும் மறுநாள் பவுனு தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கினான். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். விசிறிக் காற்று பட்டாலே தொண்டை இழுத்தது. இடையில் தெளிவு வந்தபோது என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க தூரமா நில்லுங்க. நான் கடிச்சுக் கிடிச்சு வச்சிரப் போறேன்," என்றான். கடைசிவரை அவன் என்மேல் சந்தேகப்படவில்லை.

பவுனு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நாய்க்கடி ஊசி போடும் இடத்திலிருந்து கம்பவுண்டர் மீரா முகைதீனை அழைத்து வந்திருந்தார்கள். நம் ஊர்ப்பக்கத்து மனிதர், நல்லவர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் ஊசியால் பிரயோஜனமில்லை என்று சொன்னார். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அப்பாசாமி அண்ணே, நீங்களா? நீங்க தெனமும் ஊசிக்கு வந்தப்ப இவரையும் கையோட கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே. வேற யாரையாச்சும் கடிச்சுதான்னு அன்னைக்கே கேட்டனே."

பவுனு எழுந்து வந்தாள். என் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றி ஊசித் தடங்கள் கறுத்துக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "நான் கஷாயம் போட்டுக் குடுத்தனே," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் சின்னத்தம்பி போய்ச் சேர்ந்தான். அவள் அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை.

அவனிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான் ஒருவன் போனால் கோயில் என்று சொல்லலாம். தினமும் காலையில் டிரைவரைக் காணோம் என்றால் துரை விடமாட்டார், எங்கே என்று கேட்பார். ஊசிக்கு என்றால் எந்த நாய் என்பார். மாமரத்தடியைத் தோண்டுவார்கள். வெறிநாயைக் கொண்டுபோய் நிறுத்திக் கோப்பை வாங்கினார் என்று ரங்கூன் முழுவதும் துரையைப் பற்றிப் பேசும். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். பேப்பரில் வந்த படத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போகும். ஒரு வீட்டின் மானத்தை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன். ஆனால் பவுனு கொடுத்த புகாரில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். மேஜருக்கு வெறி என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்று சொல்லியிருக்கிறாளாம். அது சரியில்லை, ஐயா. ஒரு நாளும் நான் அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால், என் தங்கை புருஷனையும் ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருப்பேனா?