உப்புத் தண்ணீரில் ஒரு துடிப்பு

— தட்டுல கோலம் போடாம சாப்பிடுங்க. கன்ட்ரோல் ரூமுக்கு நீங்க வரக்கூடாதுன்னா வரக்கூடாது.

— இதச் சொல்றது என் பொண்டாட்டியா, சீனியர் இன்ஜினியர் மேடமா?

— ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் சொல்றோம்.

— மேடம், நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சு மூணு மாசம் ஆச்சு. டாக்டரே வேலைக்குப் போங்கன்னுட்டார்.

— அந்த வேலை பத்து லட்சம் வோல்ட்டுன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?

— கேட்டாத்தானே சொல்றது!

— அதானே பாத்தேன்.

— இங்க பாரு, என் பெட்டியும் மின்துடிப்பு விடுது, உன் மெஷினும் அதத்தான் விடுது. ஒருவகையில சொந்தக்காரங்க.

— எறும்பும் யானையும் சொந்தமா? ஒரு நிமிஷமா சேத்து வெச்ச மின்சாரத்த, கண்ணு சிமிட்றதுக்குள்ள மொத்தமா கொட்டுற மெஷின் அது. அதோட மின்அலை காத்துலயே வரும். இதயம் தானாவே துடிக்குதுன்னு ஏமாந்து, உங்க பெட்டி சும்மா இருந்துடும்.

— அதுக்குத்தானே கன்ட்ரோல் ரூம் சுத்தியும் செப்புத் தகடு? எதுவும் உள்ள நுழையாதுன்னு பீத்திக்கிட்டது யாரு?

— நான்தான். அதனாலதான் சோதிச்சுப் பாத்தேன்.

— எப்ப?

— போன மாசம். உங்களுக்கு வெச்ச மாதிரியே ஒரு பெட்டிய வாங்கி, மனுஷ உடம்பு மாதிரி உப்புத் தண்ணித் தொட்டியில முக்கி, நீங்க உக்கார்ற இடத்துல வெச்சேன்.

— எனக்குப் பதிலா உப்புத் தண்ணியா?

— உங்கள விட சமத்து. எதிர்த்துப் பேசல. நாள் முழுக்க மெஷினக் கொட்டவிட்டு ஷாட் மேல ஷாட் அடிச்சேன்.

— என்ன ஆச்சு?

— ஒரே ஒரு தடவ துடிப்பு விட்டுப்போச்சு.

— ஒண்ணுதானா! நீ முறைச்சாலே எனக்கு ரெண்டு போகும்.

— சிரிக்காதீங்க. அந்த ஒண்ணப் பாத்ததும் பட்டன்லேர்ந்து என் கைய எடுக்க முடியல.

— சரி... கதவு சரியா மூடலியோ?

— மூடித்தான் இருந்துச்சு. ஓரத்துச் செப்புப் பட்டை தேஞ்சிருந்துச்சு. புதுசு போட்டப்புறம் தப்பல.

— பின்ன என்ன பிரச்சனை?

— அதுவும் ஒரு நாள் தேயும். தேஞ்சது முதல்ல உங்க நெஞ்சுக்குத்தான் தெரியும்.

— அப்ப நான் குடோன்ல நட்டு போல்ட் பொறுக்கணும். அந்த மெஷினோட முதல் ஷாட் என் கையால அடிச்சது. இனிமே அடுத்தவன் அடிக்கிற சத்தத்த நான் வாசல்ல நின்னு கேக்கணும், அப்படித்தானே?

— கோவம் வருதா?

— வராம? நீ வேணும்னா மனச கல்லாக்கிக்கோ. என்னால முடியாது.

— அந்த ஒரு துடிப்பு உங்களக் கொஞ்சமாவது பயமுறுத்தட்டும்னுதான் இவ்வளவு நேரம் பேசினேன். கன்ட்ரோல் டெஸ்க்கப் பேத்து எதிர்க் கட்டடத்துக்கே கொண்டு போயாச்சு.

— என்னது! அவ்வளவு தூரம் கம்பி இழுத்தியா?

— கம்பியில்ல, கண்ணாடி இழை. வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. தொட்டிய அங்க வெச்சு வாரம் பூரா ஷாட் அடிச்சேன். ஒண்ணுகூடத் தப்பல.

— அப்ப... அங்க யாரு உக்காரப் போறா?

— நாளைக்குக் காலைல முதல் ஷாட்டுக்கு உங்க பேரத்தான் போட்டிருக்கேன்.