படிக்கட்டுத் தேக்கு

பழைய மரத்தில் ஆணி பிடுங்குவதற்குப் பொறுமை வேண்டும், ஐயா. அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். எங்கள் அத்தானுக்கு இது கடைசிவரை புரியவில்லை.

குறை சொல்லவில்லை. புரிந்துகொள்கிற பாகத்தை அவர் தலைக்குள் வைக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தேக்குப் படிக்கட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். கழிப்பறைக் கதவுக்கு அடிக்கிற பச்சை. அடித்துவிட்டு, "எப்படி, பளிச்சுனு இருக்கா?" என்று என்னையே கேட்டார். தலையாட்டி வைத்தேன். மாட்டோடு வாதாடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், உத்தரம் என்று கொண்டுவந்து, இழைத்து, அந்த வீட்டையே நான்தான் புதுப்பித்தேன். சமையலறை அலமாரி ஒரு காலத்தில் பள்ளிக்கூடக் கதவு. அத்தான் அதைத் தட்டிப் பார்த்து, "ஊரான் வீட்டுக் குப்பையெல்லாம் நம்ம வீட்டுலயா?" என்பார். அக்கா சிரிப்பாள். அவர் தும்மினாலும் சிரிப்பாள்.

போன மாதம், படிக்கட்டைப் பெயர்த்துவிட்டு சிமெண்டில் கட்டப்போவதாகச் சொன்னார்.

"பலகையை எனக்குக் குடுத்துடுங்க அத்தான். சாப்பாட்டு மேஜை செஞ்சு தரேன்."

"செங்கல் சூளைக்காரன்கிட்ட சொல்லியாச்சு. எரிக்கத்தான் லாயக்கு."

பல் குத்திக்கொண்டே சொன்னார். அதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று மதியம் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் சாப்பிட்டுவிட்டு மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேல்படியில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே இறங்கினேன். ஒரு பலகையைச் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது. கண் கலங்கிவிட்டது.

குறட்டை நின்றது.

"கீழ என்ன சத்தம்?"

"ஆணி பிடுங்கறேன் அத்தான்."

"உனக்கு வேற பொழைப்பே இல்லையா? டீ போட்டியா?"

நான் போடவில்லை.

"போட்டாச்சு, இறங்கி வாங்க," என்றேன்.

மாடிக் கதவைத் திறந்தால் நேரே படிதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, எப்போதும் போலக் கீழே பார்க்காமல் காலை வைத்தார்.

உடனே போய்விடவில்லை. கல் தரையில் கிடந்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இத்தனை வருஷம் அவர் பேசியதை எல்லாம் கேட்டவன்தானே நான். மிச்ச ஆணிகளைப் பிடுங்கி முடித்தேன்.

பலகைகளை முன்கூட்டியே ஓரமாக அடுக்கி, மேலே கோணியும் போட்டிருந்தேன், ஐயா. அவர் விழுந்ததில் ஒன்றுக்குக்கூடக் கீறல் இல்லை. இவ்வளவு கவனமாக வேலை செய்கிறவனைப் போய் அக்கா கொலைகாரன் என்கிறாள்.