பிலவேந்திரன் சோத்த வுட்ட கதை

இல்ல நர்ஸம்மா, சீட்டு எனக்கில்ல. எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன். என் தம்பி பிலவேந்திரனுக்கு. தலை சுத்துதுன்னான். பட்டினியா? ஐய, அந்தக் கூத்த ஏன் கேக்கறீங்க. கூட்டம்தான் இல்லியே, செத்த உக்காருங்க, சொல்றேன்.

வில்லியனூர் பக்கம் எங்க வூடு. நெல்லும் கரும்பும் போட்டுகினு கீறோம். பத்து பேரு வந்தாலும் மிஞ்சற சோறு. அந்த வூட்ல பொறந்தவன், சோறே வேணாம்னுட்டான். பொறந்ததுலேர்ந்தே பெருத்த ஒடம்பு அவனுக்கு. எங்க ஊர்ல பாஸ்கல்னு ஒரு சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன்ல வந்தவரு, அவருதான் கெளப்பி வுட்டாரு. சோறு, இட்லி, கஞ்சி எல்லாத்தயும் வுடுறா, கறி மீனு முட்ட துன்னு, காலையில ஓடு, பட்டாளத்துல எங்கள அப்பிடித்தான் எளைக்க வச்சான்னு.

தவக்காலம் வேற. ஊரே கறிய வுடுது, இவன் சோத்த வுடறான். மணப்பட்டுலேர்ந்து மீன்காரம்மா வந்தா கூடையோட எறக்கிடுவான். மீன் கொழம்ப டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறான்மா! கோழிங்க அவனப் பாத்தாலே அடகாக்கறத வுட்டு எழுந்து ஓடுதுங்க.

ஓட்டமா? அது இன்னும் மோசம். மொத நாளு சொல்தா குடுத்த காக்கி அரைக்கால் சட்டய மாட்டிகினு ஏரிக்கரையில ஓடினான். இவ்ளோ பெரிய ஒடம்பு விடியகாலையில ஓடுதுன்னா ஊரு இன்னா நெனைக்கும்? திருடன தொரத்தறான்னு ஆளாளுக்குக் கழி எடுத்துகினு பின்னாலயே ஓடினாங்க. எங்கடா திருடன்னா, பதில் சொல்ல மூச்சு இல்ல. வுடுங்கன்னு கைய நீட்டினான். கை காட்டின பக்கம் மாதா கோயில் உபதேசியாரு குளிச்சிகினு இருந்தாரு. துண்டோட வளைச்சிட்டாங்க.

எளைச்சானான்னு கேக்கறீங்களா? ரைஸ் மில்லுல மூட்ட போடற தராசுல ஏறி நின்னான். கூடிப்போச்சு! அப்பறம் பாத்தா, ஓடற வழியில எல்லாம் கரும்புச் சக்க. ஏன்டான்னு கேட்டா, கரும்பு சோறு இல்லியே அக்கான்றான். அதயும் நிறுத்தினேன். வந்திச்சி பாருங்க தல சுத்து. பூசையில முட்டி போட்டவன் அப்பிடியே முன்னால சாஞ்சிட்டான். பக்தி முத்திப்போச்சுன்னு சாமியாரு ரெண்டு ஜெபம் கூட சொன்னாரு.

இப்ப? நின்னுபோச்சு. ஓடப்போறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு கஞ்சி. மத்த நேரத்துக்கு மீனு, கீரை. சொல்தாவுக்குக் கோவம்தான், ஆனா எம்மாந்தூரம் வேணாலும் ஓடறான். ஒடம்பும் கொஞ்சம் எறங்கிச்சி.

அப்பறம் எதுக்கு மருந்தா? மருந்துக்கு யாரு வந்தது.

தவக்காலம் தொடங்கற சாம்பல் புதனுக்கு முன்னாடி தரகர் நடேசன் உங்களுக்கு ஒரு எடம் கொண்டாந்தாரே, வில்லியனூர் பக்கம் மாப்ளன்னு. அந்தாளு கூட பஸ்ஸுல போனா, ஒரே சீட்டுல நான் எங்க உக்கார்றதுன்னு கேட்டு சிரிச்சீங்களாமே. அது இவன்தான். ஐய, எழுந்துக்காதீங்க, கோவமே இல்ல அவனுக்கு. நீங்க எப்பிடி சிரிச்சீங்கன்னு தரகர் செஞ்சி காட்டினாரு. அந்த சிரிப்பக் கேட்டதுலேர்ந்துதான் சோறு எறங்கல.

நான் பஸ்ஸுல வந்தேன். அவன், உங்களுக்கு சீட்டு பத்தாதுன்னு, ஓடியே வந்துட்டான். தோ, வேப்பமரத்துக்குப் பின்னால மறைஞ்சி நிக்கறான் பாருங்க. ரெண்டு பக்கமும் தெரியறான், அது வேற விஷயம். கூப்பிடட்டுமா?

தோ! இதே சிரிப்புதான் தரகர் சிரிச்சி காட்டினாரு. பாவம், அவருக்கு இவ்ளோ நல்லா வரல.